ஏபிஏ திட்டத்தாளும் வளவு வீடும்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எதை மாத்தணும்?

சிறப்பாசிரியர்_தேவகோட்டை

நம்ம வட்டாரத்துல ஏபிஏ (ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நடத்தைப் பயிற்சி) திட்டத்தாள் ஒண்ணு கைமாறிக் கைமாறிச் சுத்துது. நாலு வயசுப் பிள்ளைக்கான தாள். இலக்குகள் இப்படி: பேர் சொல்லிக் கூப்பிட்டா 3 விநாடி கண்ணைப் பார்க்கணும், ஸ்பூனால சாப்பிடணும், "ஐ வான்ட் வாட்டர்"னு முழு வாக்கியமா கேக்கணும், நாற்காலியில 20 நிமிஷம் உட்காரணும், படத்தைப் பார்த்து ஸ்னோமேன், மெயில்பாக்ஸ், மிட்டன் பேர் சொல்லணும். கானாடுகாத்தான்ல வளர்ற பிள்ளைக்கு மிட்டன் (குளிர்நாட்டுக் கையுறை) எதுக்குன்னு கேட்டா, "அசெஸ்மென்ட்ல இருக்கு"ன்னுதான் பதில் வரும்.

மிட்டன் படத்தை எடுத்துட்டு நம்ம ஊர் ஓலைக் கொட்டான் படம் போட்டா போதுமா, இல்ல இலக்கையே தூக்கணுமா? எந்த வரிசையில மாத்துறதுன்னு வேலை தெரிஞ்சவங்க எழுதுங்க. "பண்பாட்டை மதிக்கணும்"னு பொதுவா எழுதினா யாருக்கும் உதவாது.

நடத்தை_ஆய்வு

படத்தை மாத்துறது கடைசி வேலை சார். முதல்ல இலக்கு, அடுத்து யார் நடத்துறது, அப்புறம் ஊக்கி (செஞ்சதுக்குக் கொடுக்கிற பரிசு). படம் அதுக்கும் பின்னால.

இது ஏதோ புதுசா வந்த நாகரிகம் இல்ல. 1978லயே மான்ட்ரோஸ் உல்ஃப்ங்கிற நடத்தை ஆய்வாளர் இதை எழுதிட்டார்: இலக்கு அந்தக் குடும்பத்துக்குப் பொருளுள்ளதா, செய்யும் முறை அவங்களுக்கு ஏற்புடையதா, வந்த பலன்ல அவங்களுக்குத் திருப்தியா? இந்த மூணையும் கேக்காம ஒரு சிகிச்சையை வெற்றின்னு சொல்ல முடியாது. 2022ல நடைமுறைக்கு வந்த பிஏசிபி (நடத்தை ஆய்வாளர்களுக்குச் சான்றிதழ் தர்ற அமெரிக்க அமைப்பு) நெறிமுறைக் கோவையில 1.07ன்னு தனிப் பிரிவே பண்பாட்டுப் பொருத்தத்துக்கு இருக்கு. படிச்சவங்க நிறைய, தாளை மாத்தினவங்க கொஞ்சம்.

முதல் நேர்காணலை எப்படி எடுக்குறதுங்கிறதுலதான் பாதி வேலை. "உங்க பிரச்சினை என்ன?"ன்னு ஆரம்பிச்சா, "பேசல, உட்காரல"ன்னு ரெண்டு வார்த்தையோட முடிஞ்சிடும். நேத்துக் காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வரிசையா சொல்லச் சொல்லுங்க. எங்க படுக்குறான், யார் எழுப்புறா, எந்தக் கட்டுல (வீட்டோட எந்தப் பகுதியில) சாப்பாடு, யார் ஊட்டுறா, மத்தியானம் யார்கிட்ட விட்டுட்டுப் போறீங்க, சாயங்காலம் யார் வந்து போவாங்க. ஒண்ணரை மணி நேரம் ஆகும். எந்த இடத்துல வீடு திணறுதோ அதுதான் இலக்கு.

ஸ்பூனை எடுத்துக்குவோம். வீட்டுல யாருமே ஸ்பூனால சோறு சாப்பிடலன்னா, மையத்துல கத்துக்கிட்டது வீட்டுல ஒரு நாளும் பயிற்சியாகாது. கையால சாப்பிடுறதைப் படிகளாப் பிரிங்க: கை கழுவுறது, சோத்துல ஒரு ஓரத்தைப் பிரிக்கிறது, குழம்போட விரல் நுனியால பிசையுறது, நாலு விரல்ல ஒதுக்கி எடுக்குறது, கட்டை விரலால வாய்க்குள்ள தள்ளுறது. கடைசிப் படியில இருந்து பின்னோக்கிக் கத்துக்கொடுங்க. மத்த எல்லாம் பெரியவங்க செஞ்சு, கட்டை விரலால தள்ளுறது மட்டும் பிள்ளை செய்யட்டும். மூணு வேளை தொடர்ந்து உதவியில்லாம வந்தா அதுக்கு முந்தின படி.

எதுல ஆரம்பிக்கிறதுங்கிறது முக்கியம். முதல்ல உதிராத, ஒட்டாத பொருள்: இட்லித் துண்டு, வெள்ளைப் பணியாரம். அடுத்து குழைவான தயிர் சோறு. ரசம் சோறு கடைசி, அது பெரியவங்க கையிலயே நிக்காது. இங்க வழக்கமா தப்பாகுறது ரெண்டு. சோறு சுடுறதால கையை இழுக்குற பிள்ளையை "மறுக்கிறான்"னு எழுதிடுறாங்க. இல்லன்னா காரக் குழம்பு பட்ட விரலைக் கண்ணுல தேச்சு, அடுத்த நாள்ல இருந்து தட்டைப் பார்த்தாலே ஓடுது. பழகுற வரைக்கும் மிளகாய் போடாத பருப்பும் நெய்யும். ஈரம் கையில படுறதே தாங்க முடியாத பிள்ளைன்னா ஸ்பூனே இருக்கட்டும். கையால சாப்பிட்டாத்தான் நம்ம பிள்ளைன்னு வற்புறுத்துறதும் தப்பு.

அம்மா_காரைக்குடி

கூட்டுக் குடும்பத்தைப் பத்தி யாராவது எழுதுங்க. "கத்தினா கண்டுக்காதீங்க, பத்து நிமிஷத்துல அடங்கிடும்"னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. வளவு வீட்டுல (நடு முற்றத்தைச் சுத்தி அறைகள் இருக்கிற செட்டிநாட்டு வீடு) ஒரு பிள்ளை கத்தினா எல்லாப் புள்ளிக்காரங்களும் (அங்க இருக்கிற ஒவ்வொரு குடும்பமும்) வெளிய வந்துடுவாங்க. அப்பத்தா முறுக்கு கொடுப்பாங்க, சித்தப்பா செல்லைக் கொடுப்பாரு, ஐயா அதட்டுவாரு. நம்ம மட்டும் கண்டுக்காம இருந்து என்ன ஆகப்போகுது?

நடத்தை_ஆய்வு

ஒண்ணும் ஆகாது மேடம், நிலைமை மோசமாத்தான் ஆகும். கண்டுக்காம விடுற முறையில முதல்ல கத்தல் ஏறும். அந்த உச்சத்துல யாராவது ஒருத்தர் முறுக்கைக் கொடுத்துட்டா, "இவ்வளவு கத்தினாத்தான் கிடைக்கும்"னு பிள்ளை கத்துக்கும். எப்பவாவது கிடைக்கிற பரிசுதான் ஒரு பழக்கத்தை ரொம்ப நாள் பிடிச்சு வைக்கும். அதனால எட்டுப் பேர் புழங்குற வீட்டுல இந்த முறையை எழுதுறதே திட்டம் போட்டவரோட பிழை. அப்பத்தாவைக் குறை சொல்லக் கூடாது.

மாற்று இதுதான். ஒரு வாரம் ஏபிசி குறிப்பு எழுதுங்க: கத்தலுக்கு முன்னால என்ன நடந்தது, என்ன செஞ்சான், அப்புறம் என்ன கிடைச்சது. ஒரு நோட்டு, மூணு பத்தி, பேனாவைக் கயிறு கட்டிப் பட்டாலைத் தூண்ல தொங்கவிடுங்க. 15, 20 பதிவு வந்தா போக்கு தெரியும். முறுக்குக்காகத்தான் கத்தல்னு தெரிஞ்சா, அதே முறுக்கைக் கேக்குறதுக்கு எளிய வழி கத்துக்கொடுக்கணும்: கையை நீட்டுறது, படத்தைத் தொடுறது, "தா"ன்னு சொல்றது, எது முடியுமோ அது. கார், டியூராண்ட்ங்கிற ரெண்டு ஆய்வாளர்களும் 1985ல காட்டினது இதைத்தான். புது வழி கத்துறதைவிடச் சுலபமா, சீக்கிரமா பலிக்கணும். முதல் வாரம் கேட்ட ஒவ்வொரு தடவையும் உடனே கொடுங்க. முறுக்கைச் சின்னச் சின்னதா ஒடிச்சு வச்சுக்கிட்டா வயிறு நிறையாது.

இதை நடத்த வேண்டியது அப்பத்தாதான். முறுக்கு டப்பா அவங்க கையில, பிள்ளை போறதும் அவங்ககிட்ட. அவங்களுக்கு ஒரே ஒரு விதி: "கைய நீட்டினா உடனே கொடுங்க ஆச்சி. கத்துறதுக்கு முன்னாடி நீங்களே ஒருக்கா கூப்பிட்டும் கொடுங்க." கொடுக்காதீங்கன்னு சொன்னா எந்தப் பாட்டியும் கேக்கமாட்டாங்க. எப்பக் கொடுக்கணும்னு சொன்னா கேப்பாங்க.

தலைய முட்டிக்கிறது, கடிக்கிறது மாதிரி இருந்தா இந்த இழையைப் படிச்சு நீங்களா செய்ய வேண்டாம். முதல்ல காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு இருக்கான்னு டாக்டர் பார்க்கணும்.

நிறமாலை_தமிழ்

ஆட்டிசம் உள்ளவங்க தரப்புல இருந்து ஒண்ணு சொல்லியாகணும். பண்பாட்டுப் பொருத்தம்னு எல்லாரும் பேசுறீங்க, அது யாரோட பண்பாடு? தாயோடதா, தாத்தாவோடதா, பிள்ளையோடதா?

கண்ணைப் பார்க்கச் சொல்ற இலக்கு ரெண்டு பக்கமும் அர்த்தமில்லாதது. பெரியவங்க முகத்தை நேருக்கு நேர் முறைச்சுப் பார்க்காதேன்னு சொல்ற ஊர் இது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்த்துக்கிட்டே காதுல கேக்குறதை வாங்கிக்கிறது கஷ்டம். ரெண்டையும் விட்டுட்டு 3 விநாடி எங்க இருந்து வந்தது?

அதுக்காக, அந்தக் கட்டத்துல "வந்தவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், கால்ல விழணும், கன்னத்தைக் கிள்ளினா சிரிக்கணும்"னு எழுதி "உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏத்த திட்டம்"னு பேர் வைக்கிறதையும் ஒத்துக்க முடியாது. ஊர் வழக்கத்தை இலக்காக்குனா என்ன ஆகும்னு இந்தத் துறையோட வரலாறே சொல்லுது. 1974ல ரெக்கர்ஸும், ஆட்டிசத்துக்கு ஏபிஏவைப் பரப்பின லோவாஸும் ஒரு சின்னப் பையனோட "பெண்மையான" நடத்தையை மாத்துறதா ஆய்வு வெளியிட்டாங்க. அன்னைக்கு அந்த ஊர் வழக்கம் அதைச் சரின்னு சொன்னது. லோவாஸோட 1987 ஆய்வுலயும், வாரம் 40 மணி நேரம் கொடுத்த 19 பேர்ல 9 பேர் தேறினாங்கன்னு மட்டும்தான் எல்லாரும் சொல்றாங்க. தொடையில அடிக்கிறதும் அந்த முறையில இருந்ததை யாரும் சொல்றதில்ல. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில பிரிக்கவும் இல்ல.

முதல் இலக்கு "வேண்டாம்"னு சொல்றது. சொல்லாலயோ, கையைத் தள்ளியோ, சிவப்பு அட்டையைக் காட்டியோ. அது மதிக்கப்படணும். தொட்டாத் தள்ளக் கூடாதுன்னு பழக்கின பிள்ளையை யார் வேணும்னாலும் தொடலாம்ங்கிற ஆபத்து இருக்கு. கூட்டுக் குடும்பத்துல அது இன்னும் கூடுதல்.

நடத்தை_ஆய்வு

ஒத்துக்கிறேன். பிள்ளையோட இசைவைத் தாள்லயே எழுதலாம். அந்தப் பிள்ளை சம்மதத்தை எப்படிக் காட்டும் (பக்கத்துல வர்றது, பொருளை எடுக்கிறது), மறுப்பை எப்படிக் காட்டும் (திரும்பிப் படுக்கிறது, கையை இழுக்கிறது, முனகுறது) ரெண்டையும் செஷன் ஆரம்பிக்கும் முன்னால எழுதி வைக்கணும். மறுப்பு வந்தா நிறுத்தணும். ஒரு செஷன்ல மூணு தடவைக்கு மேல வந்தா வேலையிலதான் குறை: கடினமா இருக்கு, இல்ல ஊக்கி சரியில்ல, இல்ல அந்த இலக்கு வேண்டாத இலக்கு.

இன்னொண்ணு, ஆத்தங்குடி ஓட்டுத் தரையில குப்புறப் படுத்துப் பூவேலையை விரலால தடவிக்கிட்டே இருக்கிற பிள்ளைக்கு அதைக் குறைக்கிறதை இலக்கா எழுதுறாங்க. சில்லுன்னு இருக்கு, கோடு ஒழுங்கா இருக்கு, யாருக்கும் தொந்தரவு இல்ல. விட்டுடுங்க.

ஆனா செஷனை வளவுல வைக்காதீங்க. ஓடு, சுண்ணாம்புப் பூச்சு, உயரமான சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு தாம்பாளம் விழுந்தா பிள்ளை காதைப் பொத்தும். பக்கத்து அறை, கீழ ஜமக்காளம், கதவுல கனமான போர்வைத் திரை. 20 நிமிஷ நாற்காலிக்குப் பதிலா பாயில 5 நிமிஷம், நடுவுல எழுந்து ஓட இடம்.

பேச்சுப்பயிற்சி_சிவகங்கை

மொழிக்கு வருவோம். அமெரிக்கால, சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க இருக்கிற வீடுகள்ல "இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்"ங்கிற அறிவுரை இன்னும் ஓடுது. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள பிள்ளையோட பேச்சு பின்தங்கும்னு ஆய்வுகள் காட்டல. ஆயாவோட பேசுற மொழியைப் பிடுங்கிட்டா ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரப் பேச்சு போயிடும்.

தமிழ்லயும் எந்தத் தமிழ்ங்கிறது இருக்கு. "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு பயிற்சி கொடுத்தா வீட்டுல யாரும் அப்படிப் பேசுறதில்ல, பிள்ளையும் அதைக் காதால கேட்டதில்ல, பொதுமைப்படாது (வேற இடத்துல, வேற ஆளுங்ககிட்ட வராது). "தண்ணி" போதும், அடுத்து "தண்ணி தா", அப்புறம் "தண்ணி தாங்க". "தா", "தாங்க" வித்தியாசத்தை ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு வடிவம் பத்துப் பேர்கிட்டயாவது தன்னால வரணும். பெரியவங்களை "தா"ன்னு கேட்டா அடி விழுற வீடுன்னா தொடக்கத்துலயே "தாங்க" மட்டும் கத்துக்கொடுங்க. தம்பியையும் "தாங்க"ன்னு கேட்டா யாருக்கும் நட்டமில்ல.

படப் பலகையிலயோ செயலியிலயோ "கிராண்ட்மா"ன்னு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி படம் இருந்தா தூக்கிடுங்க. ஆயா, அப்பத்தா, ஐயா, அப்பச்சி, ஒவ்வொருத்தருக்கும் சொந்தப் புகைப்படம், வீட்டுல கூப்பிடுற பேர். பக்கத்து வீட்டுல வேற முறை சொல்லிக் கூப்பிடுவாங்க, அதனால பலகையை ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு நகலெடுக்காதீங்க. சென்னையில உருவான ஆவாஸ் செயலியில தமிழ் இருக்கு, சொற்களை நாமே சேர்க்கலாம். கரண்ட் போற ஊர்ல டேப்லெட்டை மட்டும் நம்பாம அதே பக்கத்தை அச்செடுத்து லேமினேட் பண்ணி ஒரு பிரதி சுவர்ல, ஒண்ணு பையில.

உம்மா_தேவகோட்டை

ஊக்கி பத்தி யாரும் சொல்லல. ஜெல்லி மிட்டாய் கொடுக்கிறாங்க, அதுல ஜெலட்டின் இருக்கும், எதுல இருந்து எடுத்ததுன்னு கேட்டா தெரியல. ரமலான்ல பிள்ளைக்கு நோன்பு இல்லன்னாலும் பயிற்சி கொடுக்கிற அம்மா, அக்கா நோன்புல இருப்பாங்க. அசர் (பிற்பகல் தொழுகை) நேரத்துல இருந்து மஃரிப் (சூரியன் மறைஞ்சதும் தொழுகை) வரைக்கும் சமையல் வேலை, அப்ப செஷன் போடாதீங்க.

நடத்தை_ஆய்வு

சரியான குறிப்பு. சைவ வீட்டுல முட்டை சேர்த்த கேக், பிஸ்கட்லயும் இதே சிக்கல்தான். முதல் நாளே "வாயில வைக்கக் கூடாதது, தொடக் கூடாதது, எந்தக் கிழமையில கூடாதது"ன்னு மூணு பட்டியல் எழுதி வாங்கணும்.

அனுமதிச்ச பொருள்ல எது பிடிக்கும்னு சோதிக்கலாம்: 5ல இருந்து 7 பொருள் வரிசையா வைங்க, ஒண்ணை எடுத்தா 30 விநாடி விளையாட விடுங்க, அதை எடுத்து வச்சுட்டு மிச்சத்தை இடம் மாத்தி வைங்க, தீர்ற வரைக்கும். மூணு சுற்று. சீடை, சோழி, பல்லாங்குழி முத்து, சுத்துற மூடி, குலுக்கினா சத்தம் வர்ற டப்பா, எதுவும் இருக்கலாம். மூணு வயசுக்குக் கீழயும், எதையும் வாயில போடுற பிள்ளைக்கும் சோழி, முத்து, முழுச் சீடை வேண்டாம், தொண்டையில சிக்கும். இனிப்பையே நம்பினா சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி வேலை செய்யும், பின்னாடி செய்யாது.

சாக்பீஸ்_சாமி

எல்லாரும் நாசூக்கா தாண்டிப் போறதை நான் எழுதுறேன். வீட்டுக்குப் போற தெரபிஸ்டை எல்லாக் கட்டுக்கும் விடுற வீடுகளும் இருக்கு, முகப்போட நிறுத்துற வீடுகளும் இருக்கு. சாதி இதுல இல்லன்னு நடிக்க வேண்டாம். சமையலறைக்குள்ள விடாத வீட்டுக்குச் சமையலறை இலக்கை எழுதினா தாள்ல மட்டும்தான் இருக்கும். பண்பாட்டுப் பொருத்தம்னா இதுக்கும் அனுசரிச்சுப் போறதா?

நடத்தை_ஆய்வு

இல்ல சார். குடும்ப வழக்கத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது வேற, பயிற்சியாளரை அவமதிக்கிறதுக்குப் பணிஞ்சு போறது வேற. தனி டம்ளர் வச்சா மையம் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது, பிள்ளையை மையத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்லலாம். ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

இதோட மறுபக்கமும் இருக்கு. பிள்ளையைப் பாதி நேரம் பார்த்துக்கிறது வீட்டு வேலைக்கு வர்ற அக்கா. அவங்களைப் பெற்றோர் பயிற்சிக்குக் கூப்பிடுறதே இல்ல. கூப்பிடுங்க, அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுக்கச் சொல்லுங்க.

அம்மா_காரைக்குடி

பிள்ளையார் நோன்பு, மொட்டை, இதுக்கெல்லாம் எப்படித் தயார் பண்றது? "கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னு சுலபமா சொல்லிடுறாங்க. போகலன்னா பங்காளிகள் கேக்குற கேள்விக்கு யார் பதில் சொல்றது?

நடத்தை_ஆய்வு

பிள்ளையார் நோன்பு (நகரத்தார் வீட்டு வழக்கம்) வர்றதுக்குத் திருக்கார்த்திகையில இருந்து 21 நாள் கிடைக்குது, அதுவே பயிற்சிக் காலம். இதுல பிள்ளைக்குச் சிரமம் மூணு: கூட்டம், சங்குச் சத்தம், எரியுற நூல் திரி வச்ச மாவு உருண்டையை (இழை) வாயில வாங்குறது. மூணையும் தனித்தனியா பழக்கணும், ஒரே நாள்ல சேர்க்கக் கூடாது. முதல் வாரம் திரி இல்லாத மாவு, பட்டாணி அளவு, கையில வாங்கினா போதும். ரெண்டாவது வாரம் சங்கு ஒலியைச் செல்லுல குறைஞ்ச சத்தத்துல, பிள்ளை தனக்குப் பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டு இருக்கும்போது. காதைப் பொத்தினா சத்தத்தைக் குறைங்க. மூணாவது வாரம் சாமி அறையில வீட்டு ஆளுங்க மட்டும், விளக்கு, வரிசை, மாவு. இழை கொடுக்கிற பெரியவர்கிட்ட முன்கூட்டியே பேசணும்: திரியை அணைச்சுட்டுக் கையில கொடுக்கணும், முதல் ஆளா கொடுத்து அனுப்பிடணும். நெருப்பை வாயில வாங்குறதைப் பயிற்சி இலக்கா எழுதவே வேண்டாம். ரெண்டு நிமிஷம் நின்னுட்டு இரண்டாம் கட்டுக்குப் போனாலும் கலந்துக்கிட்டதுதான்.

மொட்டைக்கு ஆறு வாரம் வேணும். சவரக்கத்தியில சத்தம் இல்ல, ஆனா அசையாம இருக்கணும், வெட்டுப்படும். ட்ரிம்மர் பாதுகாப்பு, ஆனா இரைச்சலும் அதிர்வும். அணைச்ச ட்ரிம்மரைக் கையில விளையாடக் கொடுக்கிறது, ரெண்டு மீட்டர் தள்ளி ஓட விடுறது, புறங்கையில, பிடரியில, 3 விநாடி, 10 விநாடி. ஒரு படியில கலங்கினா முந்தின படிக்குத் திரும்புங்க. கையைக் காலைப் பிடிச்சு அமுக்கி எடுத்தா அடுத்த வருஷம் முடிவெட்டவே முடியாது. தேறலன்னா பூமுடி (கொஞ்சம் முடி மட்டும்) கொடுத்து நேர்த்தியை முடிக்கலாம், அது வழக்கத்துலயே இருக்கு.

நிறமாலை_தமிழ்

பிள்ளை மொட்டையே வேண்டாம்னு ஆறு வாரமும் காட்டினா?

நடத்தை_ஆய்வு

மொட்டை இல்ல. நேர்த்திக்கடன் நேர்ந்தவங்களோடது, தலை பிள்ளையோடது.

சிறப்பாசிரியர்_தேவகோட்டை

ஐசாவை (ஆட்டிசத்தை மதிப்பிடுற இந்திய அளவுகோல்) வச்சு இலக்கு எழுதுறாங்களே, அது சரியா? வாரம் எத்தனை மணி நேரம்னும் சொல்லுங்க. கல்லல்ல இருந்து பஸ் பிடிச்சு வர்றவங்களுக்கு வாரம் 40 மணிங்கிறது நடக்கிற காரியமா?

நடத்தை_ஆய்வு

ஐசா சான்றிதழுக்கான அளவுகோல். 40 கேள்வி, ஆறு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 மதிப்பெண். 70ல இருந்து ஆட்டிசம். முதல் கேள்வியே கண் பார்க்கிறதைப் பத்தினது, அதான் எல்லாத் தாள்லயும் அதே முதல் இலக்கா உட்கார்ந்திருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனச் சான்றிதழுக்கும், நிராமயாங்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். இலக்குப் பட்டியல் அது இல்ல.

நேரத்துக்கு: நம்ம பக்கத்துச் சூழல்ல நடந்த ஆய்வுன்னா கோவாலயும் ராவல்பிண்டியிலயும் நடந்த பாஸ், 2016ல வெளியானது. 65 பிள்ளைகள், 2 முதல் 9 வயசு. சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தாங்க: விளையாடுறதைச் சின்ன வீடியோவா எடுத்து, சேர்ந்து பார்த்து, எங்க பிள்ளை தொடங்கினது, நாம எங்க கவனிக்காம விட்டோம்னு பேசுறது. பெற்றோர் பிள்ளைக்கு ஏத்த மாதிரி பதில் தர்றது கூடுச்சு, பிள்ளை தானா தொடங்குறதும் கூடுச்சு. சேர்ந்து கவனம் செலுத்துற நேரம் மட்டும் குறைஞ்சது, அதையும் அவங்களே எழுதியிருக்காங்க. கல்லல் பஸ்ஸுக்கு இது தாங்கும்: ரெண்டு வாரத்துக்கு ஒரு நேரடிச் சந்திப்பு, வீட்டுல தினம் அரை மணி.

"சான்றிதழ் பெற்ற பிசிபிஏ"ன்னு (பிஏசிபி தர்ற நடத்தை ஆய்வாளர் தகுதி) பலகை வச்சிருந்தா எந்த வருஷம் வாங்கினதுன்னு கேளுங்க. 2023 முதல் இந்தியாவுல இருந்து புது விண்ணப்பத்தை பிஏசிபி எடுக்கிறதில்ல. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேக்கலாம்.

சிறப்பாசிரியர்_தேவகோட்டை

கண் பார்க்கிற இலக்கை ஏற்கனவே ஆறு மாசமா நடத்திட்டாங்கன்னா நடுவுல நிறுத்தலாமா? டேட்டா ஷீட்ல 60 சதவீதம்னு இருக்கும்.

நடத்தை_ஆய்வு

இன்னைக்கே நிறுத்தலாம். அதுக்குப் பதிலா "பேர் கேட்டதுக்கு ஏதாவது ஒரு பதில்"னு மாத்துங்க: தலை திரும்புறது, செய்யுற வேலையை நிறுத்துறது, "ம்" சொல்றது, பக்கத்துல வர்றது, எதுவானாலும் சரி. கூப்பிட்ட 5 விநாடிக்குள்ள வந்தா கணக்கு. ஒரு நாளைக்கு 10 அழைப்பு போதும், அதுல பாதியாவது தெரபிஸ்ட் அல்லாதவங்க கூப்பிடணும், வீட்டுல கூப்பிடுற செல்லப்பேர்ல. வெறுமனே கூப்பிட்டுச் சோதிக்காதீங்க. கூப்பிட்டா நல்லது ஏதாவது நடக்கணும், இல்லன்னா ரெண்டே நாள்ல பேரைக் கேட்டா திரும்பாது. ரெண்டு வாரம் கழிச்சு எண்ணிக்கையை இங்க போடுங்க, பார்ப்போம்.